மகுடம் தேடிய டாலர்
பிரபு குலங்களில் மணம் புகுந்த அமெரிக்கப் பெண்மணிகளும் அவர்தம் வரலாற்றை ஆராயும் முறையும்

பெண்ணுக்குப் பிறந்த ஊர் ஒன்று, புகுந்த ஊர் மற்றொன்று. இது நம் நாட்டில் எல்லாரும் அறிந்த பழஞ்செய்தி. தங்கவயலில் வாழும் நம் குடும்பங்களுக்கோ இஃது இன்னும் நன்றாகத் தெரியும். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் நம் பாட்டன்மார் சுரங்க வேலைக்கு வந்தபோது அவர்களைத் தொடர்ந்து வந்த பாட்டிமார் இரண்டு முறை வீடு மாறியவர்கள். தாய் வீட்டிலிருந்து கணவன் ஊருக்கு ஒரு முறை; கணவன் ஊரிலிருந்து இந்த நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன் வீடுகளுக்கு மறுமுறை.

இதே போன்று, ஆனால் பட்டும் வைரமும் பூண்டு, கப்பலேறிக் கடல் கடந்து புகுந்த வீடு சென்ற பெண்கள் சிலரைப் பற்றி இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். 1870-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி முதல் உலகப் போர் வரையில் அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பெண்கள் பலர் ஐரோப்பியப் பிரபு குலங்களில் மணம் புகுந்தனர். பத்திரிகைகள் அவர்களுக்கு ‘டாலர் இளவரசிகள்’ என்று பட்டப் பெயர் சூட்டின. 1956-ல் மொனாக்கோ அரசர் மூன்றாம் ரெய்னியரை மணந்த நடிகை கிரேஸ் கெல்லியின் பெயரும், 2018-ல் ஆங்கில இளவரசர் ஹாரியை மணந்த மேகன் மார்க்கலின் பெயரும் நம் இல்லங்களில் பலருக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னோடிகளாய் விளங்கியவர்களைத் தெரிந்தவர் குறைவு. அந்த முன்னோடிகளுள் ஒருத்தியின் பெயர் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் ஒரு மருத்துவமனைச் சுவரில் இன்றும் இருக்கிறது என்று சொன்னால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

ஏன் போனார்கள்?

இத்திருமணங்களுக்குக் காரணம் காதல் என்று சிலர் கூறுவர். பணம் என்று சிலர் கூறுவர். இரண்டும் உண்டு. ஆனால் இவற்றுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருந்தது.

ஆங்கிலப் பிரபுக்களின் செல்வம் நிலத்தில் இருந்தது. குடியானவர் கொடுக்கும் குத்தகையே அவர்கள் வருமானம். 1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் விளைந்த கோதுமை, ரயிலில் ஏறித் துறைமுகம் வந்து, நீராவிக் கப்பலில் ஏறி இங்கிலாந்தில் மலிவாக இறங்கியது. உள்நாட்டுத் தானியத்தின் விலை சரிந்தது. விலை சரிந்ததால் குத்தகை சரிந்தது. குத்தகை சரிந்ததால் மாளிகைகளின் கூரை ஒழுகத் தொடங்கியது. பட்டம் இருந்தது, பணம் இல்லை.

அமெரிக்காவிலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. ரயில் பாதை அமைத்தவர்களும், பெருங்கடை வைத்தவர்களும், பங்குச் சந்தையில் பொருளீட்டியவர்களும் கோடீசுவரர் ஆயினர். ஆயினும் நியூயார்க்கின் பழங்குடும்பத்தார் இப்புதுப் பணக்காரர்களைத் தம் வீட்டு விருந்துக்கு அழைக்கவில்லை. உள்ளூரில் மதிப்புப் பெறாத தாய்மார்கள் தம் பெண்களை அழைத்துக்கொண்டு லண்டனுக்கும் பாரிஸுக்கும் சென்றனர். அங்கே பட்டம் காத்திருந்தது. எந்த ரயிலும் கோதுமையும் ஆங்கிலப் பிரபுவை ஏழையாக்கினவோ, அதே ரயிலிலும் கோதுமையிலும் சேர்ந்த பணம் அவர் வீட்டுக்கு மருமகளோடு போய்ச் சேர்ந்தது. விதியின் விளையாட்டு என்பது இதுதான் போலும்!

இந்த மண வணிகம் எவ்வளவு பெருகியது என்றால், 1890-ல் ‘பட்டம் பெற்ற அமெரிக்கர்கள்’ என்னும் பொருள்படும் பெயரில் நியூயார்க்கில் ஒரு புத்தகமே வெளிவந்தது. பிரபுக்களை மணந்த அமெரிக்கப் பெண்களின் பட்டியல் அதில் இருந்தது. மணமாகாத பிரபுக்களின் பட்டியலும் கூடவே இருந்தது!

ஜென்னியும் கான்சுவேலோவும்

முதல் வரிசையில் நிற்பவர் ஜென்னி ஜெரோம். 1854-ல் புரூக்ளினில் பிறந்தவர். 1874 ஏப்ரலில் பாரிஸிலுள்ள ஆங்கிலத் தூதரகத்தில் மார்ல்பரோ கோமகனின் மகனான ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபுவை மணந்தார். அவ்வாண்டு நவம்பர் 30-ல் பிறந்த மகனே வின்ஸ்டன் சர்ச்சில். ராண்டால்ஃப் 1885-ல் இந்தியா மந்திரி ஆனார். மேல் பர்மாவின் மீது படையெடுத்து அதனைப் பிரிட்டிஷ் ஆட்சியோடு இணைத்தது அவர் பதவிக் காலத்தில்தான். 1895-ல் அவர் இறந்தார். ஜென்னிக்குப் பணக் கவலை ஓயவில்லை. டாலர் கொண்டு வந்த மருமகளும் கடன்காரர்களுக்கு அஞ்சி வாழ நேர்ந்தது.

1896-ல் இளம் ராணுவ அதிகாரியாக வின்ஸ்டன் பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு வந்து சேர்ந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாத குறையைத் தீர்த்துக்கொள்ள விரும்பிய அவர் அன்னைக்கு எழுதினார். அன்னை அங்கிருந்து கிப்பனின் ரோமாபுரி வரலாற்றையும் மெக்காலேயின் நூல்களையும் பிறவற்றையும் கட்டுக் கட்டாக அனுப்பி வைத்தார். பகல் வெயிலில் மற்றவர் உறங்கும் நேரத்தில் பெங்களூர் பங்களாவில் அமர்ந்து அவற்றை வின்ஸ்டன் வாசித்தார். பிற்காலத்தில் இந்திய விடுதலையைக் கடுமையாக எதிர்த்த அந்த மனிதரின் கல்வி, ஓர் அமெரிக்கத் தாய் அனுப்பிய புத்தகங்களைக் கொண்டு, இங்கிருந்து ரயிலில் சில மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் நடந்தது. அவர் செலுத்தாமல் போன 13 ரூபாய்ப் பாக்கியைக் காட்டும் கணக்கேட்டைப் பெங்களூர் கிளப் இன்றளவும் காத்து வைத்திருக்கிறது.

அடுத்தவர் கான்சுவேலோ வாண்டர்பில்ட். 1877-ல் பிறந்தவர். ரயில்வே அதிபர் வாண்டர்பில்ட் குடும்பத்துப் பெண். வேறொருவரை விரும்பிய மகளைத் தாய் ஆல்வா அறையில் அடைத்து வைத்து இசைய வைத்தார் என்பர். 1895 நவம்பர் 6-ல் நியூயார்க்கில் ஒன்பதாம் மார்ல்பரோ கோமகனுக்கு அவரை மணம் செய்து கொடுத்தனர். மணமகனுக்கு 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் அளிக்கப்பட்டன. இதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மேனாட்டில் அதனை ‘மண உடன்படிக்கை’ என்றனர்.

பிளென்ஹைம் மாளிகை அப்பணத்தால் புதுப் பொலிவு பெற்றது. மணவாழ்க்கை பொலிவு பெறவில்லை. 1906-ல் இருவரும் பிரிந்தனர். 1921-ல் மணவிலக்குப் பெற்றனர். 1926-ல் அத்திருமணமே செல்லாது என ரோமாபுரித் திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமே மகளைக் கட்டாயப்படுத்தியதாக ஆல்வா சாட்சியம் கூறினார். கான்சுவேலோ வெறும் அலங்காரப் பொம்மையாய் இருந்துவிடவில்லை. ஏழைப் பெண்களுக்காக உழைத்து, 1917-ல் லண்டன் நகராட்சி மன்றத்தில் உறுப்பினரானார். முதுமையில் அவர் எழுதிய தன்வரலாற்றின் பெயரில் ‘தங்கம்’ என்னும் சொல்லும் ‘மினுக்கு’ என்னும் சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன. தங்கத்தைத் தோண்டியெடுத்த குடும்பங்களாகிய நமக்கு அப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும்.

பெங்களூரில் பெயர் நிலைத்த சிகாகோ மங்கை

இனி நமக்கு அண்மையான கதைக்கு வருவோம். 1870-ல் சிகாகோ நகரில் மேரி லைட்டர் என்னும் பெண் பிறந்தார். தந்தை லீவை லைட்டர், மார்ஷல் ஃபீல்டு என்பவருடன் கூட்டாகப் பெருங்கடை நடத்திப் பொருள் சேர்த்தவர். மேரி 1890-ல் லண்டன் விருந்தொன்றில் ஜார்ஜ் கர்சன் என்னும் இளம் அரசியல்வாதியைச் சந்தித்தார். பல ஆண்டுகள் காத்திருந்த பின்பு 1895 ஏப்ரல் 22-ல் வாஷிங்டனில் அவர்கள் மணம் நடந்தது. 1898 டிசம்பர் இறுதியில் இருவரும் பம்பாயில் வந்து இறங்கினர். 1899 சனவரியில் கர்சன் வைஸ்ராய்ப் பதவி ஏற்றார். கடைக்காரர் மகள் முப்பது வயது நிரம்புமுன்னே இந்தியாவின் வைஸ்ராய்ப் பெருமாட்டி ஆனார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் எந்த அமெரிக்கப் பெண்ணும் அதுவரை அத்தகைய உயர் நிலையை அடைந்ததில்லை.

கல்கத்தா அரசினர் மாளிகை, கர்சனின் மூதாதையர் இல்லமான கெடில்ஸ்டன் மாளிகையைப் பார்த்துக் கட்டப்பட்டது. ஆகவே கர்சனுக்கு அது சொந்த வீடு போலவே இருந்திருக்கும். மேரிக்கு அப்படி இல்லை. வெப்பமும் தனிமையும் அவரை வாட்டின. அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்துள்ளன.

அவர்கள் வந்த ஆண்டிலேயே கொடிய பஞ்சம் தொடங்கியது. 1899–1900-ல் மேற்கிலும் மத்தியிலும் இந்திய மக்கள் பெருந்தொகையாக மடிந்தனர். அந்தத் துயரின் நினைவு ஆறுவதற்குள் 1903 சனவரியில் டில்லி தர்பார் நடந்தது. பஞ்சத்துக்குப் பின் இத்தனை ஆடம்பரமா என்று அக்காலத்திலேயே பலர் கண்டித்தனர். அந்த தர்பாரின் நடன விருந்துக்கு மேரி அணிந்து வந்ததே புகழ் பெற்ற மயில் தோகை உடை. பொன்னிழையாலும் வெள்ளியிழையாலும் டில்லிக் கைவினைஞர்கள் சித்திரத் தையல் செய்தனர்; மயில் கண் ஒவ்வொன்றிலும் பொன்வண்டின் பச்சைச் சிறகு பதித்தனர்; பின்பு அத்துணி பாரிஸுக்குச் சென்று வொர்த் என்னும் தையல் நிலையத்தில் உடையானது. இன்று கெடில்ஸ்டன் மாளிகையில் அதைக் காணலாம். அணிந்தவர் பெயரை உலகம் அறியும். தைத்த நிலையத்தின் பெயரையும் உலகம் அறியும். இழை இழையாய்ப் பூவேலை செய்த விரல்களுக்கு உரியவர் பெயரை எத்தனை பேர் கேட்கின்றனர்?

மேரியின் நற்செயல்களையும் மறைத்தல் கூடாது. விக்டோரியா அரசியின் நினைவாக 1903-ல் அவர் ஒரு நிதி தொடங்கினார். ஊர் ஊராய்ப் பிரசவம் பார்த்து வந்த மருத்துவச்சிகளுக்குத் தூய்மையான முறைகளைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். பிரசவத்தில் தாயும் சேயும் மாண்டு போவது வீட்டுக்கு வீடு நடந்த காலம் அது. பெங்களூர் சிவாஜி நகரில் உள்ள பௌரிங் மருத்துவமனையோடு சேர்ந்த பெண்கள் பிரிவுக்கு லேடி கர்சன் என்று அவர் பெயர் வழங்கியது. நம் தங்கவயலிலிருந்து ரயிலேறிச் சென்று அங்கே சிகிச்சை பெற்றோர் அவர் யார் என்று கேட்டறிந்திருக்க நியாயமில்லை.

ஒரு பொருத்தத்தையும் இங்கே குறிப்பிடலாம். அதே கர்சன் காலத்தில், 1902 சூன் மாதம், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக வந்து நம் சுரங்கங்களை இயக்கத் தொடங்கியது. அதற்கான மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்தவை. அமெரிக்கா ஒரு பெண்ணை வைஸ்ராய் மாளிகைக்கும் ஒரு யந்திரத்தை நம் வயலுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அனுப்பியது.

மேரியின் உடல் இந்தியாவில் சீர்குலைந்தது. 1906 சூலை 18-ல் லண்டனில் தமது 36-ஆம் வயதில் காலமானார். மூன்று பெண் மக்களை விட்டுச் சென்றார். அவர்களுள் சிந்தியா 1929-ல் தொழிற்கட்சியின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினரானார். மூத்தவர் ஐரீன், பிரபுக்கள் சபையில் பெண்கள் முதன்முதலாக இடம் பெற்ற 1958-ஆம் ஆண்டில் அச்சபையில் அமர்ந்தார்.

இந்தூர் அரண்மனையில்

இதுவரை சொன்னவை ஐரோப்பியக் குலங்கள். நம் நாட்டு அரச குலங்களிலும் அமெரிக்கப் பெண்கள் மணம் புகுந்தனர். சியாட்டில் நகரத்து நான்சி ஆன் மில்லர், 1928-ல் இந்து சமயத்தைத் தழுவி, சர்மிஷ்டா தேவி என்னும் பெயர் பூண்டு, இந்தூரின் மூன்றாம் துக்கோஜி ராவ் ஹோல்கரை மணந்தார். ஹோல்கர் இரண்டாண்டுகளுக்கு முன்பே அரசைத் துறந்தவர்.

இதில் ஒரு சட்டச் செய்தி உண்டு. 1907-ல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின்படி, அயல்நாட்டவனை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். பெண்கள் போராடியதால் 1922-ல் இச்சட்டம் தளர்த்தப்பட்டது. ஆயினும், அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட இனத்தாரை மணப்பவர்களுக்குப் பழைய தண்டனையே நீடித்தது. இந்தியர்கள் அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்கள் என 1923-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1931-ல்தான் இவ்விதி நீங்கியது. ஆகவே ஆங்கிலப் பிரபுவை 1928-ல் மணந்தவள் அமெரிக்கப் பிரஜையாகவே இருக்கலாம். இந்திய அரசரை மணந்தவள் இருக்க இயலாது. மண மேடையிலும் நிறம் பார்த்த சட்டம் இது.

துக்கோஜி ராவின் மகன் யஷ்வந்த் ராவ் ஹோல்கரும் அமெரிக்கப் பெண்களையே பின்னர் மணந்தார். அவருக்கு அமெரிக்க மனைவியிடம் 1944-ல் பிறந்த மகன் ரிச்சர்டு பட்டத்துக்கு உரியவராக ஏற்கப்படவில்லை. முதல் மனைவியின் மகள் உஷா தேவியே வாரிசானார். ஆனால் அந்த ரிச்சர்டும் அவருடைய அமெரிக்க மனைவி சாலியும் 1970-களின் இறுதியில் மகேசுவர் ஊரில் நலிந்து கிடந்த கைத்தறியை மீட்க ‘ரேவா’ என்னும் சங்கத்தை நிறுவினர். மகேசுவரிப் புடைவை இன்று மறுவாழ்வு பெற்று நிற்பதில் அதற்கு நல்ல பங்கு உண்டு. பட்டம் கிட்டாத மகனும் கடல் கடந்து வந்த மருமகளும் ஊருக்குச் செய்த தொண்டு இது.

புதுக்கோட்டைக்கு வந்த மாலி

தமிழ் மண்ணில் நடந்த கதையைச் சொல்லாமல் விடலாமா? அதன் நாயகி அமெரிக்கப் பெண் அல்லள், ஆஸ்திரேலியப் பெண். ஆயினும் இந்த வரிசையில் அவருக்கே நாம் முதலிடம் தரவேண்டும்.

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-ல் இளம் பாலகராய்ப் பட்டத்துக்கு வந்தவர். ஆங்கிலக் கல்வி பெற்றவர். மேனாடுகளில் பயணம் செய்தவர். 1894-ல் மெல்போர்னில் பிறந்த எஸ்மே மேரி ஃபிங்க் என்பவரை ஆஸ்திரேலியாவில் கண்டு விரும்பினார். நண்பர்கள் இவரை மாலி என அழைத்தனர். 1915 ஆகஸ்டு 10-ல் மெல்போர்ன் பதிவகத்தில் இருவரும் மணம் புரிந்தனர்.

அவ்வாண்டு இறுதியில் மன்னரும் மாலியும் புதுக்கோட்டைக்கு வந்தனர். பிரிட்டிஷ் அரசு அவரை அரசியாக ஏற்க மறுத்தது. அதிகாரிகளின் வீட்டு விருந்துகளில் அவருக்கு இடமில்லை. மாலி கருவுற்றிருந்தபோது நோயுற்றார். அரளி விஷம் கொடுக்கப்பட்டதோ என்ற ஐயம் எழுந்தது. சில மாதங்களிலேயே, 1916-ல், இருவரும் ஆஸ்திரேலியா திரும்பினர். சூலை 22-ல் சிட்னியில் மகன் பிறந்தான். அவனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர். தந்தையின் குலமும் பிறந்த ஊரும் ஒரே பெயரில் அமைந்த குழந்தை அது. ஆனால் அந்தக் குழந்தைக்கு அரசுரிமை இல்லை என அரசாங்கம் முடிவு செய்தது.

மனைவியையும் மகனையும் விட்டுக்கொடுக்க மன்னர் இசையவில்லை. ஆட்சிப் பொறுப்பைச் சகோதரரிடம் விட்டுவிட்டு அயல்நாட்டிலேயே தங்கினார். பிரான்சு நாட்டுக் கான் நகரம் அவர்களுக்கு இல்லமாயிற்று. 1928 மே 28-ல் மன்னர் பாரிஸில் காலமானார். புதுக்கோட்டைக்கு உடலைக் கொண்டுவர இசைவு கிடைக்கவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீன் தகன நிலையத்தில் தொண்டைமானின் உடல் எரியூட்டப்பட்டது. அவ்வாண்டே ஆறு வயதுச் சிறுவரான இராசகோபாலத் தொண்டைமான் அரசராக்கப்பட்டார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. மாலி 1967-ல் கான் நகரில் இறந்தார்.

இங்கிலாந்து அரசர் எட்டாம் எட்வர்டு, மணவிலக்குப் பெற்ற அமெரிக்கப் பெண்மணி வாலிஸ் சிம்ப்சனுக்காக 1936 டிசம்பரில் முடி துறந்ததை உலகமே பேசியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நம் தமிழ் மன்னர் ஒருவர் அதையே செய்திருந்தார். பேசுவாரில்லை. பணக்கார அமெரிக்கப் பெண் ஆங்கிலப் பிரபுவை மணந்தால் வரவேற்ற அதே அரசாங்கம், வெள்ளைப் பெண் இந்திய அரசரை மணந்தால் கதவடைத்தது என்பதையும் நாம் கருதவேண்டும்.

ஆராயப் புகுவோர்க்குச் சில சொற்கள்

இத்தகைய பெண்களின் வரலாற்றைத் தேடுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் பெயர். மணமானதும் அவர்கள் பெயர் மறைந்து விடுகிறது. ஜென்னி ஜெரோம், ஏடுகளில் ‘ராண்டால்ஃப் சர்ச்சில் சீமாட்டி’ ஆகிவிடுகிறார். அவருடைய சொந்தப் பெயரின் ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை. பட்டம் உயர்ந்தால் பெயர் மீண்டும் மாறும். ஆங்கிலப் பட்டங்கள் டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று மேலிருந்து கீழாக அமைந்தவை. இந்த வரிசை தெரியாதவர் ஒரே பெண்ணை மூன்று பெண்களாக எண்ணிவிடக் கூடும். ஆகவே பிறந்த வீட்டுப் பெயரை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் கீழ் மற்றப் பெயர்களை ஆண்டு வாரியாக எழுதிக்கொள்ளுதல் நன்று.

இரண்டாவது, பத்திரிகைச் செய்தியை அப்படியே நம்பலாகாது. அக்காலப் பத்திரிகைகள் சீர்த்தொகையைப் பெருக்கி எழுதின. சிறு பட்டக்காரரையும் இளவரசராக்கின. மணப் பதிவேடு, மண உடன்படிக்கை, உயில் ஆகிய மூன்றும் பத்திரிகையைவிட நம்பத்தக்கவை.

மூன்றாவது, சாட்சி யார், எப்போது, எதற்காகச் சொன்னார் என்று கேட்க வேண்டும். கான்சுவேலோவின் தாய் கட்டாயப்படுத்தினேன் என்று சாட்சி சொன்னது மணமாகி முப்பது ஆண்டுகள் கழித்து. அம்மணத்தைச் செல்லாததாக்கும் வழக்குக்காக. அதனால் அது பொய் என்று ஆகாது. ஆனால் அந்த நோக்கத்தை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். கான்சுவேலோவின் தன்வரலாறும் அரை நூற்றாண்டுக்குப் பின் எழுந்ததே.

நான்காவது, அவ்வாண்டின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1906-ல் மணந்தவளும், 1908-ல் மணந்தவளும், 1928-ல் மணந்தவளும் சட்டத்தின் கண்ணில் ஒரே நிலையினர் அல்லர் என்பதை மேலே கண்டோம்.

இவற்றையெல்லாம் தேடக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும், ஆஸ்திரேலியப் பத்திரிகைகளை அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தொகுப்பும் கணினி வழியே இலவசமாகக் காட்டுகின்றன. புதுக்கோட்டை பற்றிய அரசாங்கக் கடிதப் போக்குவரத்தைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஏடுகளிலும் தேடலாம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

நம் வீட்டு ஏடு

இவ்வளவும் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. சீமாட்டிகளுக்குக் கடிதங்கள் இருக்கின்றன, ஓவியங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகத்தில் உடை இருக்கிறது. அவர்கள் எங்குப் பிறந்தார்கள், எந்நாளில் எந்தக் கப்பலில் வந்தார்கள், என்ன கொண்டு வந்தார்கள் என்றெல்லாம் அறிஞர்கள் தேடித் தேடி எழுதுகின்றனர். தேடுவதற்கு ஏடு இருப்பதால் தேடுகின்றனர்.

நம் பாட்டிமார்க்கு என்ன இருக்கிறது? சுரங்கக் கம்பெனியின் ஏட்டில் கணவன் பெயர் இருக்கும். அவனுக்கு ஓர் எண்ணும் இருக்கும். மனைவி அவனுடைய மனைவி மட்டுமே. பிளென்ஹைம் மாளிகைச் சீமாட்டிக்கும் நந்திதுர்க் லைன் வீட்டுத் தாய்க்கும் இந்த ஒன்றில் வேறுபாடு இல்லை. இருவர் பெயரையும் கணவன் பெயரே மூடியது. அந்தச் சீமாட்டியின் பெயரை ஆராய்ச்சியாளர் மீட்டுவிட்டனர். இந்தத் தாயின் பெயரை மீட்க வேண்டியவர் நாமே.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் நம் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைக்கின்றனர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர். சிலர் கடல் கடந்தும் போயினர். வீடு மாறுந்தோறும் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து சில காகிதங்கள் குறைகின்றன. சம்பளச் சீட்டும், ஞானஸ்நானச் சீட்டும், பள்ளிச் சான்றும், திருமணப் பத்திரிகையும் பழைய காகிதக்காரனிடம் போய்ச் சேர்ந்தால் திரும்பி வருவதில்லை.

ஆகையால் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் மூத்த தாய்மார் இருப்பின் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து ஆறு கேள்விகள் கேளுங்கள். பிறந்த ஊர் எது? தாய் தந்தையர் பெயர் என்ன? எந்த ஆண்டில் தங்கவயலுக்கு வந்தீர்கள்? யாருடன் வந்தீர்கள்? வரும்போது என்ன கொண்டு வந்தீர்கள்? எந்த லைனில் முதலில் குடியிருந்தீர்கள்? ஆண்டு நினைவில்லை என்றால், மூத்த பிள்ளை பிறந்த ஆண்டையோ, சுரங்கத்தில் நடந்த ஒரு பெரிய விபத்தையோ துணையாகக் கொண்டு கணக்கிடலாம். விடைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையினால் எழுதி, தேதியிட்டு, சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் குறியுங்கள். கோயில் ஏட்டிலோ, மாதா கோயில் திருமணப் பதிவேட்டிலோ, கல்லறைக் கல்லிலோ அதற்குச் சான்று கிடைத்தால் அதையும் படியெடுத்துச் சேருங்கள்.

மயில் தோகை உடை கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி எழுத உலகில் பலர் உளர். கழுத்தில் மஞ்சள் கயிறும் கையில் ஒரு பித்தளைக் குடமுமாக மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இறங்கிய பெண்ணைப் பற்றி எழுத நம்மையன்றி வேறொருவரும் இலர்.